காமிராவுக்கு வேலை தெரியுமா?

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் நிகழ்த்திய உரை)

மில் வாசலில் காமிரா இருப்பது நமக்குப் புதிதல்ல. திருட்டைத் தடுக்க என்று சொல்லி மாட்டினார்கள். பிறகு அது கேட்டைத் தாண்டி உள்ளே வந்தது. இன்று பல ஆலைகளில் இலாகாவுக்கு இலாகா தலைக்கு மேல் தொங்குகிறது. ஆனால் அந்தக் காமிராவுக்கு ஒரு குறை இருந்தது. அது படத்தைப் பிடித்து வைக்குமே தவிர, படத்தில் நடப்பது என்ன என்று அதற்குத் தெரியாது. தெரிய வேண்டுமானால் ஒரு மனிதர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நூறு காமிராக்களின் படத்தை மூன்று ஷிப்டும் பார்ப்பதற்கு எந்த முதலாளி ஆள் போட்டுச் சம்பளம் கொடுப்பார்?

அந்தக் குறை தீர்ந்துவிட்டது என்று இப்போது சொல்கிறார்கள். கம்ப்யூட்டரே படத்தைப் பார்க்கிறது. "இவர் நடக்கிறார், இவர் இழை கட்டுகிறார், இவர் சும்மா நிற்கிறார்" என்று பெயர் சொல்லி, மணி நிமிஷத்தோடு எழுதி வைக்கிறது. செயற்கை நுண்ணறிவு என்று சொல்கிறார்களே, அதன் ஒரு கிளைதான் இது.

இந்த யந்திரம் எப்படிப் பார்க்கிறது? அதற்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் யார்? யாருடைய நன்மைக்காகப் பார்க்கிறது? இந்த மூன்று கேள்விகளையும் இன்று எடுத்துக்கொள்வோம். இதைக் கண்டு நாம் நடுங்கவும் வேண்டாம், மலைத்து நிற்கவும் வேண்டாம். புரிந்துகொள்வோம்.

எண்களால் ஆன கண்

சினிமா என்பது என்ன? ஒரு விநாடிக்கு 24 படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுவது. கண்காணிப்புக் காமிராவும் அப்படித்தான். விநாடிக்கு 25 அல்லது 30 படங்கள் பிடிக்கும். ஒவ்வொரு படமும் வாசல் கோலம் போலப் புள்ளிகளால் ஆனது. இன்றைய சாதாரணக் காமிராவின் ஒரு படத்தில் 20 லட்சத்துக்கு மேல் புள்ளிகள் இருக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள்: சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று. கம்ப்யூட்டருக்குக் கிடைப்பது இந்த எண்கள்தான். அதற்குக் கையும் தெரியாது, அரிவாளும் தெரியாது, நூலும் தெரியாது.

பிறகு எப்படி அது பெயர் சொல்கிறது? ஆயிரக்கணக்கான படத்துண்டுகளை அதற்குக் காட்டுகிறார்கள். ஒவ்வொரு துண்டிலும் "இது ஓடுவது", "இது கை தட்டுவது" என்று மனிதர்கள் எழுதிய பெயர்ச்சீட்டு உண்டு. யந்திரம் ஓர் ஊகம் சொல்லும். தப்பானால், அதற்குள் இருக்கும் பெருக்கல் எண்களைக் கொஞ்சம் கூட்டிக் குறைப்பார்கள். தராசுத் தட்டு நேராக நிற்கும் வரை படிக்கற்களை மாற்றி மாற்றி வைப்பதில்லையா, அதுபோல. லட்சக்கணக்கான தடவை இப்படி மாற்றியபின், முன்பு பார்க்காத படத்துக்கும் பெரும்பாலும் சரியான பெயரைச் சொல்லத் தொடங்கும்.

ஒரே ஒரு படம் போதாது. கை ஓங்கி நிற்கும் ஒருவரின் படத்தை வைத்து, அவர் அடிக்கப் போகிறாரா, கும்பிடப் போகிறாரா என்று சொல்ல முடியுமா? முன்னும் பின்னும் பார்த்தால்தான் தெரியும். ஆகவே 2014இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் இரண்டு பாதை உள்ள ஒரு முறையைச் செய்தார்கள். ஒரு பாதை நின்ற படத்தைப் பார்க்கும். மற்றது, ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குள் புள்ளிகள் எந்தப் பக்கம் நகர்ந்தன என்று பார்க்கும். 2017இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார், கூட்டத்தில் உள்ள ஒவ்வொருவரின் தோள், முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் ஆகியவற்றைக் கண்டுபிடித்துக் கோட்டால் இணைக்கும் முறையை வெளியிட்டார்கள். அந்தப் படத்தில் நாம் எலும்புக்கூடுகளாக நடமாடுவோம். எலும்புக்கூட்டின் அசைவை வைத்தே யந்திரம் வேலைக்குப் பெயர் சொல்லும்.

இதற்கு மூல யோசனை பழையது. 1973இல் ஸ்வீடன் விஞ்ஞானி குன்னர் யோஹான்சன், மனித உடலின் மூட்டுகளில் சிறு வெளிச்சப் புள்ளிகளை வைத்து இருட்டில் நடக்கவிட்டுப் படம் பிடித்தார். பார்த்தவர்களுக்கு உருவம் தெரியவில்லை, புள்ளிகள் மட்டுமே தெரிந்தன. ஆனாலும் மனிதர் நடக்கிறார் என்று உடனே சொல்லிவிட்டார்கள். மனிதக் கண்ணுக்கு இயல்பாக வரும் இந்தத் திறமையைத்தான் யந்திரத்துக்கு எண்களால் புகட்டுகிறார்கள். இது மனித அறிவின் சாதனை. இதை நாம் குறைத்துப் பேசவில்லை.

யந்திரத்தின் வயிற்றுக்குள் யார்?

1770இல் வியன்னா அரண்மனையில் கெம்பெலன் என்பவர் தானே சதுரங்கம் ஆடும் பொம்மையைக் காட்டினார். பொம்மைக்குத் துருக்கியர் வேஷம். ராஜாக்களும் பிரபுக்களும் அதிசயித்தார்கள். உண்மை என்ன? பெட்டிக்குள் ஒரு மனிதர் ஒளிந்திருந்து ஆடினார்!

2005இல் அமேசான் கம்பெனி, சிறு சிறு கம்ப்யூட்டர் வேலைகளை உலகெங்கும் துண்டுக் கூலிக்குக் கொடுக்கும் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. அதற்கு அவர்கள் வைத்த பெயரே அந்தத் துருக்கிப் பொம்மையின் பெயர்தான்! படத்துக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டும் வேலையில் பெரும்பகுதி இப்படித்தான் நடந்தது.

2004இல் ஸ்டாக்ஹோமில் ஆராய்ச்சியாளர்கள் 25 பேரை வைத்து, நடப்பது, மெல்ல ஓடுவது, வேகமாக ஓடுவது, குத்துவது, கை அசைப்பது, கை தட்டுவது என்ற ஆறு செயல்களைப் படம் பிடித்தார்கள். 2017இல் டீப்மைண்ட் கம்பெனி வெளியிட்ட தொகுப்பில் 400 வகைச் செயல்கள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 400 படத்துண்டுகள். எல்லாம் யூடியூபில் ஜனங்கள் போட்ட படங்களிலிருந்து எடுத்தவை. சீட்டு ஒட்டியவர்கள் அந்தத் துண்டுக் கூலிக்காரர்கள். 2016இல் வந்த வேறொரு தொகுப்பில் 267 பேர் தங்கள் சொந்த வீட்டில் பெருக்குவது, துணி மடிப்பது, கதவைத் திறப்பது என்று நடித்துக் கொடுத்தார்கள்.

நம் பக்கத்துக்கே வாருங்கள். துண்டும் போர்வையும் நெய்து உலகுக்கு அனுப்பும் கரூரில், 2025இல், இளைஞர்கள் நெற்றியில் காமிராவைக் கட்டிக்கொண்டு துண்டு மடித்ததை அமெரிக்கப் பத்திரிகை ஒன்று எழுதியது. ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, நூற்றுக்கணக்கான தடவை! எதற்கு? துண்டு மடிக்க யந்திர மனிதனுக்குக் கற்றுக்கொடுப்பதற்கு. நாளைக்கு அந்த யந்திர மனிதன் வேலைக்கு வந்தால், அதன் விரலில் இருப்பது யாருடைய கைத்திறன்? கரூர் இளைஞனின் கைத்திறன் அல்லவா?

இன்னொன்று. அமேசான் கம்பெனி 2018இல் சியாட்டில் நகரில் கல்லாவே இல்லாத கடையைத் திறந்தது. வேண்டிய சரக்கை எடுத்துக்கொண்டு வெளியே போகலாம். காமிராவும் உணர்கருவிகளும் பார்த்துக் கணக்குப் போடும் என்றார்கள். 2024இல், இந்தியாவில் சுமார் ஆயிரம் பேர் அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று பத்திரிகைச் செய்தி வந்தது. கம்பெனி மறுத்தது. கணக்குப் போடுவது யந்திரமே, ஆட்கள் ஒரு சிறு பகுதியைச் சரிபார்க்கிறார்கள், யந்திரத்துக்குக் கற்பிக்கச் சீட்டு ஒட்டுகிறார்கள் என்றது. சரி, கம்பெனி சொல்வதையே எடுத்துக்கொள்வோம். அப்போதும் யந்திரத்தின் பின்னால் இருப்பது மனிதக் கண்தானே?

ஆகவே தோழர்களே, இந்த யந்திரத்தின் அறிவு ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல. அதில் விஞ்ஞானிகளின் மூளை இருக்கிறது. பெயர் தெரியாத லட்சக்கணக்கான உழைப்பாளிகளின் கண்ணும் கையும் இருக்கின்றன. உழைப்பால் விளைந்த பொருள், உழைத்தவரையே மிரட்ட வந்து நிற்கிறது. தறியும் ரிங் பிரேமும் அப்படித்தானே வந்து நின்றன!

ஸ்டாப் வாட்சிலிருந்து காமிரா வரை

முதலாளிக்கு இந்த ஆசை நேற்று பிறந்ததல்ல. அமெரிக்க எஞ்சினியர் டெய்லர் 1880களிலேயே ஸ்டாப் வாட்சைக் கையில் பிடித்துக்கொண்டு தொழிலாளி பின்னால் நின்றார். எந்த அசைவுக்கு எத்தனை விநாடி என்று கணக்கிட்டார். கில்பிரெத் தம்பதிகள் ஒரு படி மேலே போனார்கள். 1912 வாக்கில் தொழிலாளியின் வேலையைக் கடிகாரத்தோடு சேர்த்துச் சினிமாப் படம் பிடித்தார்கள். விரலில் சிறு மின்விளக்கைக் கட்டி, கை போகும் பாதையை ஒளிக்கோடாகப் பதிவு செய்தார்கள். தேடுவது, பிடிப்பது, தூக்குவது, வைப்பது என்று கையின் வேலையைத் துண்டு துண்டாக நறுக்கினார்கள். இன்றைய கம்ப்யூட்டர் செய்வதும் அதே நறுக்கல்தான், மேலும் வேகமாக!

தொழிலாளர்கள் சும்மா இருந்தார்களா? 1911 ஆகஸ்டில் அமெரிக்காவின் வாட்டர்டவுன் ராணுவத் தளவாட ஆலையில் வார்ப்படத் தொழிலாளர்கள் ஸ்டாப் வாட்சை எதிர்த்து வேலையை நிறுத்தி வெளியேறினார்கள். பார்லிமெண்ட் விசாரணை நடந்தது. 1915இல், ராணுவ ஆலைகளில் ஸ்டாப் வாட்ச் கணக்குக்குச் சர்க்கார் பணம் செலவிடக் கூடாது என்று அமெரிக்கக் காங்கிரஸ் தடை போட்டது. அந்தத் தடை 1949 வரை நீடித்தது. நம் நாட்டில் 1955இல் கான்பூர் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைப் பளுவை ஏற்றும் சீரமைப்பை எதிர்த்து 80 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

1914 மார்ச்சில் தோழர் லெனின் இந்த விஷயத்தைப் பற்றியே தொழிலாளர் பத்திரிகையில் எழுதினார். கையில் விளக்கைக் கட்டிப் படம் பிடிப்பதை அவர் குறிப்பிட்டார். முதலாளித்துவத்தில் இது தொழிலாளியை மேலும் பிழிவதற்கே பயன்படுகிறது என்று காட்டினார். அதே சமயம், உற்பத்தியைத் தொழிலாளர்களே நிர்வகிக்கும் காலத்துக்கு இந்த விஞ்ஞானம் வழி செய்கிறது என்றும் சொன்னார். யந்திரம் வேறு, அதைப் பிடித்திருக்கும் கை வேறு என்று பிரித்துப் பார்க்க நாம் கற்றுக்கொண்டது அங்கேதான்.

அந்த விஞ்ஞானத்தை வேறு விதமாக நடத்த முடியும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 1920களில் மாஸ்கோவின் மத்திய உழைப்பு ஆராய்ச்சி நிலையத்தில் பெர்ன்ஸ்டைன் என்ற விஞ்ஞானி, சுத்தியல் அடிக்கும் தொழிலாளர்களின் மூட்டுகளில் விளக்கு பொருத்திப் படம் எடுத்தார். கண்டது என்ன? சுத்தியல் முனை போய்ச் சேரும் இடம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வொரு அடிக்கும் வேறு வேறு விதமாகச் சேர்ந்து வேலை செய்கின்றன! தேர்ந்த தொழிலாளி ஒரே அசைவைத் திரும்பச் செய்வதில்லை. ஒவ்வொரு தடவையும் வேலையைப் புதிதாகத் தீர்க்கிறார். "சரியான அசைவு ஒன்றே ஒன்றுதான்" என்ற டெய்லரின் வாதம் அங்கே உடைந்தது.

"சும்மா நிற்கிறார்" என்று சொல்வது யார்?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். யந்திரம் அசைவைப் பார்க்கிறது, வேலையைப் பார்க்கிறதா?

2016இல் ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். 101 வகைச் செயல்கள் உள்ள படங்களிலிருந்து மனிதரையே மறைத்துவிட்டு யந்திரத்துக்குக் காட்டினார்கள். ஆள் இல்லாத படத்திலும் ஏறக்குறைய பாதிக்குச் சரியான பெயர் சொல்லிவிட்டது! எப்படி? நீச்சல் குளம் தெரிந்தால் நீச்சல், புல்தரை தெரிந்தால் பந்தாட்டம். சுற்றுப்புறத்தைப் பார்த்தே ஊகித்திருக்கிறது. இப்படிப்பட்ட ஊகம் நம் சம்பளத்தை நிர்ணயித்தால் என்ன ஆகும்?

ரிங் பிரேமில் ஒரு சைடர் நிற்கிறார். கை அசையவில்லை. ஆனால் அவர் காது யந்திரத்தின் சத்தத்தைக் கேட்கிறது. கண் வரிசை முழுதும் ஓடுகிறது. எங்கே இழை அறும் என்று பத்து வருஷ அனுபவம் யோசிக்கிறது. காமிரா எழுதுகிறது: "சும்மா". நடவு வயலில் ஒரு தாய் வளைந்த இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நிமிர்கிறாள். அந்த ஒரு கணம் இல்லாவிட்டால் அடுத்த முடி நாற்று அவள் கையில் நிற்காது. காமிரா என்ன எழுதும்? "சும்மா".

"சும்மா" என்ற பெயர்ச்சீட்டை யந்திரம் தானாகக் கண்டுபிடிக்கவில்லை, தோழர்களே! அதை யாரோ எழுதிக் கொடுத்தார்கள். பெயர்ப் பட்டியலைத் தயாரிப்பது யந்திரத்தை விலைக்கு வாங்குகிற ஆள். பட்டியலில் "யோசிக்கிறார்" என்று ஒரு சீட்டு இல்லை. "பக்கத்துத் தொழிலாளிக்கு உதவுகிறார்" என்று ஒரு சீட்டு இல்லை. "யந்திரம் பழுது, பிட்டர் வரவில்லை" என்று ஒரு சீட்டு இல்லை. விஞ்ஞானத்தின் பெயரால் எழுதப்பட்டாலும், அது முதலாளியின் தீர்ப்புதான்.

2025 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஆப்டிஃபை என்ற புதிய கம்பெனி ஒரு விளம்பரப் படம் வெளியிட்டது. அதை நடத்தியவர்கள், தாங்களே சொல்லிக்கொண்டபடி, ஆலை நடத்தும் குடும்பத்துப் பிள்ளைகள். படத்தில் ஒரு தொழிலாளி. அவருக்குப் பெயர் இல்லை, "17ஆம் நம்பர்". மேற்பார்வையாளர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு, உன் திறன் 11.4 சதவீதம்தான் என்று அதட்டுகிறார். நாள் முழுதும் வேலை செய்தேன் என்று அவர் சொல்வது காதில் ஏறவில்லை. பார்த்த ஜனங்கள் கொதித்தார்கள். அந்தக் கம்பெனிக்கு முதலீடு தந்த ஸ்தாபனம் தான் போட்டிருந்த படத்தை எடுத்துவிட்டது. படத்தை எடுத்துவிட்டார்கள், யந்திரத்தை எடுத்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள்!

விவசாயத் தொழிலாளர்களுக்கும் இது தூரத்து விஷயமல்ல. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2021 மே மாதம் செல்போன் மூலம் படம் பிடித்து வருகை பதியும் முறை வந்தது. 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. நாளுக்கு இரண்டு படம். சிக்னல் கிடைக்காத ஊரில், படம் ஏறாவிட்டால், மண் வெட்டியவருக்குக் கூலி போயிற்று. ஊழல் ஒழிந்ததா? 2025 ஜூலையில் மத்திய சர்க்காரின் சுற்றறிக்கையே ஒப்புக்கொண்டது: சம்பந்தமில்லாத படங்கள் ஏற்றப்படுகின்றன, படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள் என்று! கடைசியில் படங்களைச் சரிபார்க்க மனிதர்களையே போடச் சொன்னார்கள். உழைத்தவர் கூலி இழந்தார்; ஏமாற்றியவர் வழி கண்டுபிடித்தார்.

நாம் கோருவது என்ன?

காமிராவை உடைப்போம் என்று நாம் சொல்லவில்லை. இதே கண் ஓடும் யந்திரத்துக்கு அருகே கை போனால் யந்திரத்தை நிறுத்த உதவும். தனியே இருக்கும் முதியவர் விழுந்தால் சொல்லும். பக்கவாதம் வந்தவர் கையை மீட்கப் பயிற்சி செய்யும்போது, முன்னேற்றத்தை அளக்கும். இவை வேண்டும். ஆனால் விரலைக் காப்பதற்கு முன் விநாடியை எண்ணுவதற்கு இதை வாங்குகிறார்களே, அதைத்தான் எதிர்க்கிறோம்.

வேறு நாடுகளில் போராட்டத்தால் சில தடைகள் வந்துள்ளன. பிரான்ஸில் அமேசான் கிடங்குகளில் தொழிலாளியின் கைக்கருவி பத்து நிமிஷம் ஓய்ந்தால்கூடக் கணக்கில் ஏறியது; அது வரம்பு மீறிய கண்காணிப்பு என்று அந்நாட்டுத் தகவல் பாதுகாப்பு ஆணையம் 3 கோடியே 20 லட்சம் யூரோ அபராதம் விதித்ததை 2024 ஜனவரியில் அறிவித்தது. ஐரோப்பிய யூனியனில் 2025 பிப்ரவரி 2 முதல், வேலை செய்யும் இடத்தில் தொழிலாளியின் முகத்தைப் பார்த்து மன உணர்ச்சியை ஊகிக்கும் யந்திரங்களுக்கு, மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்கள் தவிர, தடை உண்டு. இங்கே? 2023ஆம் ஆண்டின் தகவல் பாதுகாப்புச் சட்டம், வேலை சம்பந்தமான காரியங்களுக்குத் தொழிலாளியின் சம்மதம் இல்லாமலே அவர் தகவலைப் பயன்படுத்தலாம் என்று முதலாளிக்கு 7ஆவது பிரிவில் கதவு திறந்து வைத்திருக்கிறது!

ஆகவே சங்கங்களில் விவாதித்து இந்தக் கோரிக்கைகளை முன்வைப்போம்:

முதலாவது, சங்கத்தோடு ஒப்பந்தம் இல்லாமல் வேலையை அளக்கும் காமிரா கூடாது. நாம் எதிர்க்கும் 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில்கூட, ஆட்குறைப்புக்கு இட்டுச் செல்லும் சீரமைப்புக்கு 40ஆவது பிரிவின்படி 21 நாள் நோட்டீஸ் தர வேண்டும். அந்த நோட்டீஸைக் கேட்டு வாங்குவோம்.

இரண்டாவது, யந்திரத்துக்குக் கொடுத்த பெயர்ப் பட்டியலை நமக்குக் காட்ட வேண்டும். எது வேலை, எது ஓய்வு என்று தீர்மானிப்பதில் தொழிலாளிக்குக் குரல் வேண்டும். நம்மைப் பற்றிய பதிவை நாம் பார்க்கவும் மறுக்கவும் உரிமை வேண்டும்.

மூன்றாவது, யந்திரத்தின் சொல்லை மட்டும் வைத்து மெமோ, அபராதம், வேலைநீக்கம் கூடாது.

நான்காவது, ஓய்வறை, சாப்பாட்டுக் கூடம், குழந்தைக்குப் பால் கொடுக்கும் அறை ஆகியவற்றில் காமிரா கூடாது. பெண் தொழிலாளர்களின் படங்களை யார் பார்க்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பெண்கள் உள்ள கமிட்டி சோதிக்க வேண்டும்.

ஐந்தாவது, நம் கையசைவைப் படம் பிடித்து யந்திரத்துக்குக் கற்பிப்பதானால், அது தனி வேலை. அதற்கு நம் சம்மதம் வேண்டும், தனிக் கூலி வேண்டும்.

ஆறாவது, இதனால் உற்பத்தி கூடினால் குறைய வேண்டியது வேலை நேரம், ஆட்கள் அல்ல!

தோழர்களே! முதலாளியின் காமிராவுக்குத் தெரிவது தனித்தனி நம்பர்கள்: 17ஆம் நம்பர், 18ஆம் நம்பர், 19ஆம் நம்பர். அந்த நம்பர்கள் ஒரே சங்கத்தில் உட்கார்ந்து, எது வேலை என்று தாங்களே பெயர் சொல்லத் தொடங்கினால், அந்த அசைவுக்கு எந்த முதலாளியின் பட்டியலிலும் சீட்டு கிடையாது. ஆலைக்கு ஆலை, கிராமத்துக்குக் கிராமம் இதைப் பேசுங்கள். எங்கே காமிரா மாட்டியிருக்கிறது, அதை வைத்து யாரை என்ன செய்தார்கள் என்று விவரம் திரட்டிச் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். அங்கிருந்து நம் போராட்டத்தைத் தொடங்குவோம்.